மூணாங் கிளாஸுக்கு எதுக்குக் கம்ப்யூட்டர்?



ஏப்ரல், மே வந்தால் போதும், நம் ராஜபாளையத்தில் சுவர், ஆட்டோ முதுகு, கரண்ட் கம்பம் எல்லாவற்றிலும் அட்மிஷன் நோட்டீஸ்தான். முன்பெல்லாம் "ஆங்கில வழிக் கல்வி, வேன் வசதி உண்டு" என்று இருக்குமாம். பிறகு "ஸ்மார்ட் கிளாஸ்" வந்தது. இப்போது "ஒன்றாம் வகுப்பு முதலே கோடிங்" என்று போடுகிறார்கள். இதைப் படித்துவிட்டு டீக்கடையில் இரண்டு கட்சி. "மூணாங் கிளாஸ் புள்ளைக்கு எதுக்குக் கம்ப்யூட்டர்? முதல்ல ஒழுங்கா மூக்கைச் சிந்தத் தெரியட்டும்" என்பது ஒரு கட்சி. "இப்பவே படிக்கலைன்னா பின்னாடி வேலை கிடைக்காது" என்பது இன்னொரு கட்சி.

நான் இரண்டிலும் இல்லை. மூன்றாம் வகுப்பிலேயே சொல்லித்தரத்தான் வேண்டும். ஆனால் கம்ப்யூட்டரை வைத்துத் தொடங்கக் கூடாது. தனி பீஸ் வாங்கிக்கொண்டு தொடங்கவே கூடாது. ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் கடைசி வரை படியுங்கள்.

என் சித்தி மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம். அவளுக்குக் கோடிங் என்று வழுவழு தாளில் ஒரு புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். பரீட்சைக்கு முதல் நாள் வாசற்படியில் உட்கார்ந்து, லூப் என்றால் என்ன என்ற கேள்விக்கு இரண்டு வரி பதிலைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்துக் கொண்டிருந்தாள். "லூப்புன்னா என்னடீ?" என்று கேட்டேன். "அதான் ஆன்சர் சொல்லிட்டேன்லக்கா" என்றாள். சரி, அது போகட்டும். சித்தி சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி மடிக்கிற வேலைக்குப் போகிறார். இரண்டாவது டெர்முக்குக் கோடிங் பீஸ் கட்ட முடியவில்லை. கட்டினவர்கள் லேபில் கம்ப்யூட்டரைத் தொடலாம், கட்டாதவர்கள் பின்னால் நின்று பார்க்கலாம் என்று ஆகிவிட்டது. பார்த்தே படிப்பதற்கு அது என்ன சினிமாவா?

பெற்றோர் பயப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. 2020-ல் லாக்டவுன் சமயம் டி.வி.யிலும் போனிலும் வந்த விளம்பரங்கள் நினைவிருக்கும். சின்னப் பையன் ஆப் எழுதினானாம், முதலீட்டாளர்கள் வாசலில் வந்து நின்றார்களாம். அந்த விளம்பரங்களில் ஐந்தை இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் ஆட்சேபித்தது, அந்தக் கம்பெனியும் திரும்பப் பெற்றுக்கொண்டது. விளம்பரம் போய்விட்டது. அது கிளப்பிவிட்ட பயம் மட்டும் போகவில்லை. அந்தப் பயத்துக்குத்தான் இப்போது பீஸ் வசூல் ஆகிறது.

அரசுப் பாடத்திட்டத்தில் படித்த எங்கள் கதையையும் சொல்ல வேண்டும். நான் படித்த பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் கடைசிப் பாடத்தில் ஸ்கிராட்ச் வருகிறது. கடைசிப் பாடம் என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். எங்களுக்கு அது ஒரு மார்க் கேள்வி. ஸ்கிராட்ச் என்பது அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் 2007-ல் வெளியிட்டது. கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டாம், பிளாஸ்டிக் கட்டை அடுக்குவது போல ஒன்றோடொன்று பொருத்தினால் போதும். யாருக்காகச் செய்தார்கள் தெரியுமா? 8 வயது முதல் 16 வயது வரை உள்ள பிள்ளைகளுக்காக! நாங்கள் அதைப் பார்த்தது 15 வயதில், அதுவும் படமாக.

இதைவிட வேடிக்கை +1 புத்தகத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவர்களுக்குத் தெரியும். ஆட்டையும் புல்லுக்கட்டையும் ஓநாயையும் ஒரே படகில் ஆற்றைக் கடத்த வேண்டிய விவசாயியின் கதை அதில் பாடமாக இருக்கிறது. தனியே விட்டால் ஓநாய் ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். இதை என் அப்பத்தா எனக்கு ஏழு வயதிலேயே சொல்லியிருக்கிறார். (அவர் கதையில் ஓநாய் இல்லை, புலி.) "ஆட்டைத் திரும்பக் கூட்டிட்டு வரலாம்னு தோணுதா பாரு" என்று துப்பும் கொடுத்தார். அந்த இடம்தான் கணக்கின் உயிர். முன்னே போவதற்காக ஒரு தடவை பின்னே வர வேண்டும். இதை ஏழு வயதுப் பிள்ளை புரிந்துகொள்ள முடியும் என்றால், பதினாறு வயது வரை ஏன் காத்திருக்கிறோம்?

கம்ப்யூட்டர் படிப்பு என்றால் கீபோர்டு, மவுஸ், மானிட்டர் என்று படம் வரைந்து பாகம் குறிப்பது அல்ல. செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்வது, ஒரே வேலை திரும்பத் திரும்ப வந்தால் அதைச் சுருக்கிச் சொல்வது, எப்போது நிறுத்துவது, இப்படி ஆனால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசிப்பது, தப்பு வந்தால் எந்த வரியில் என்று கண்டுபிடிப்பது. அடிப்படை இவ்வளவுதான். இதற்குக் கரண்ட் வேண்டியதில்லை.

நம் வீட்டு வாசலிலேயே இது இருக்கிறது. மார்கழியில் பத்திரிகையில் கோலம் போடுவார்கள் அல்லவா? கீழே "7 புள்ளி, ஊடு புள்ளி, 4-ல் நிறுத்தவும்" என்று ஒரே ஒரு வரி இருக்கும். அந்த வரியை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் எந்த மூலையில் இருக்கிற பெண்ணும் அதே புள்ளிகளைச் சரியாக வைத்துவிடுவாள். நடு வரிசையில் 7, அடுத்த வரிசையில் இடையிடையே 6, பிறகு 5, பிறகு 4. அதே மாதிரி மறுபக்கமும். அந்த வரி ஒரு புரோகிராம்! தொடங்கும் எண் இருக்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று குறைகிறது, நிறுத்தும் எண் இருக்கிறது. என் சித்தி மகள் மனப்பாடம் செய்தாளே அந்த லூப், அதுதான் இது. அவளே தினமும் காலையில் போடுகிறாள், ஆனால் இரண்டும் ஒன்று என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

நான் சும்மா ஒப்பிட்டுச் சொல்வதாக நினைக்காதீர்கள். தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியர்களாக இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974-ல் கோலத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். ஒரு மொழிக்கு இலக்கணம் இருப்பது போலக் கோலத்துக்கும் விதிகள் எழுத முடியும், அந்த விதிகளைக் கொண்டு கோலங்களை உருவாக்கிக்கொண்டே போகலாம் என்று காட்டினார்கள். அது அச்சானது கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட வெளிநாட்டு ஆய்விதழில். நம் பாட்டிமார் வாசலில் போட்டதை உலகத்தின் கம்ப்யூட்டர் அறிஞர்கள் படித்து 50 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நம் மூன்றாம் வகுப்புப் புத்தகத்துக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை.

"நிறுத்தவும்" என்பதும் லேசுப்பட்ட சொல் அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவரிடம் எவ்வளவு நேரம் கிண்டணும் என்று கேட்டுப் பாருங்கள். "பதம் வர்ற வரைக்கும்" என்பார். பதம் வந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? பால் சுண்டி, திரண்டு, கரண்டியோடு சேர்ந்து வர வேண்டும். ஆக, கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளமாக அதைச் சொல்லத் தெரிந்தால்தான் அடுத்தவருக்குச் சொல்லித்தர முடியும். "சொல்லு, எதைப் பார்த்து நிறுத்துவ?" என்று ஒரு பிள்ளையைக் கேட்டால் அது அரை மணி நேரம் யோசிக்கும். நல்ல பாடம். கடைசியில் ஆளுக்கு ஒரு வாய் கிடைத்தால் இன்னும் நல்ல பாடம்.

போன கோடை விடுமுறையில் எங்கள் தெருப் பிள்ளைகளோடு ஒரு விளையாட்டு விளையாடினேன். பாண்டி ஆட்டத்துக்குப் போடுவது போலச் சாக்பீஸால் தரையில் கட்டம். ஒரு மூலையில் தண்ணீர்க் குடம், எதிர் மூலையில் ஒரு பையன். அவன்தான் ரோபோ. கண்ணை மூடிக்கொள்வான், சொன்னதை மட்டும் செய்வான், சொந்த மூளையைப் பயன்படுத்தக் கூடாது. மற்றவர்கள் கட்டளை சொல்லி அவனைக் குடத்துக்குக் கொண்டு போக வேண்டும். முதல் கட்டளையே "அங்க போ". அவன் அசையவில்லை. "ஒரு அடி எடுத்து வை" என்றார்கள். வைத்தான். "வலது பக்கம் திரும்பு" என்றார்கள். திரும்பினான், எல்லோரும் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். ஏன்? கட்டளை சொன்னவள் அவனுக்கு எதிரே நின்றிருந்தாள். அவளுடைய வலது வேறு, அவனுடைய வலது வேறு! பத்து நிமிடம் சண்டை. யார் செய்தது தப்பு? அவன் செய்ததா, இவள் சொன்னதா? கடைசியில் அவர்களே பஞ்சாயத்துப் பேசி, "ரோபோவோட வலதுதான் வலது" என்று தீர்ப்பு சொன்னார்கள். நான் வாயே திறக்கவில்லை.

அப்புறம் ஒருத்தி, "அடி வை, அடி வை, அடி வைன்னு எத்தனை வாட்டி சொல்றது? நாலு அடி வைன்னு சொல்லக் கூடாதா?" என்றாள். அங்கே லூப் வந்துவிட்டது. இன்னொருவன் குடத்தை நகர்த்தி வைத்து ஏமாற்றினான். உடனே "காலு குடத்துல பட்டா நில்லு" என்று ஒரு கட்டளை பிறந்தது. மூன்று நாளில் தெருமுனைக் கடை வரைக்கும் அந்த ரோபோவை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். (வழியில் ஒரு சைக்கிளில் இடித்தான், அடி ஒன்றும் இல்லை.) இதில் ரொம்பவும் சாமர்த்தியமாகக் கட்டளை சொன்னது தமிழ் வாசிக்கவே எழுத்துக் கூட்டுகிற ஒரு பையன். வகுப்பில் கடைசி வரிசை.

இந்த விளையாட்டு என் கண்டுபிடிப்பு இல்லை. சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபியூர்செய்க் என்பவர்கள் 1967-லேயே குழந்தைகளுக்காக லோகோ என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கினார்கள். பிறகு அதில் ஆமை ஒன்று வந்து சேர்ந்தது. முன்னே போ, திரும்பு என்று சொன்னால் அது ஊர்ந்து படம் வரையும். படம் தப்பாக வந்தால் என்ன செய்வது? நீயே எழுந்து ஆமையாக நடந்து பார் என்பதுதான் பேப்பர்ட் சொன்ன வழி. பாடத்தில் தப்பு வந்தால் நாம் பழகியது சிவப்பு மையும் பெருக்கல் குறியும். இங்கே அப்படி இல்லை. தப்பு எந்த அடியில் வந்தது என்று தேடுவதே விளையாட்டு. தேடிக் கண்டுபிடித்தவனுக்குச் சந்தோஷம் வேறு. இந்த ஒரு பழக்கத்துக்காகவே மூன்றாம் வகுப்பில் இது வேண்டும் என்பேன், பிற்பாடு அவன் கம்ப்யூட்டர் பக்கமே போகாவிட்டாலும் கூட.

இப்போது நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். நம்மில் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் மில்லுக்குப் போகிறார்கள். என் அப்பா ஆட்டோகோனர் செக்‌ஷன். நூல் அறுந்தால் அந்த ஒரு டிரம் மட்டும் நிற்கும். மிஷினே இரண்டு முனையையும் தேடி எடுத்துச் சேர்த்துவிட்டு மறுபடி ஓடும். சில தடவை முயன்றும் சேரவில்லை என்றால் விளக்கு எரியும், அப்போது ஆள் ஓடிப் போய்ப் பார்க்க வேண்டும். அப்பா இதைச் சாப்பிடும்போது சொன்னார். நான் கேட்டேன், "எத்தனை தடவைக்கு அப்புறம் விளக்கு எரியணும்னு யாருப்பா முடிவு பண்ணது?" "அது செட்டிங்ல இருக்கும்மா" என்றார். செட்டிங் தானாக வருமா? நூல் அறுந்தால் நிறுத்து, இத்தனை முறை சேர்த்துப் பார், முடியாவிட்டால் விளக்கைப் போடு என்று எங்கேயோ ஒருவர் உட்கார்ந்து வரிசையாக எழுதியிருக்கிறார். விளக்கைப் பார்த்து ஓடுகிற வேலையும் மரியாதையான வேலைதான், அதில்தான் நான் படிக்கிறேன். ஆனால் நூலைப் பற்றி என் அப்பாவுக்குத் தெரிந்தது அந்த எழுதினவருக்குத் தெரிந்திருக்குமா? பஞ்சு ஈரமாக இருக்கிற நாளில் இழை எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்தவர்கள் ராஜபாளையத்தில்தான் இருக்கிறார்கள். எழுதுகிற வேலை மட்டும் வேறு எங்கோ நடக்கிறது. பீஸ் கட்டுகிற பிள்ளைக்கு மட்டும் கம்ப்யூட்டர் என்றால் இது இப்படியேதான் இருக்கும்.

தமிழில் எழுத முடியுமா என்று ஒரு கேள்வி வரும். முடியும். முத்து அண்ணாமலை என்பவர் 2007-ல் தொடங்கி எழில் என்ற கணினி மொழியை உருவாக்கினார். அதில் "பதிப்பி" என்று எழுதினால் திரையில் எழுத்து வரும். "ஆனால்", "இல்லை", "முடி" என்பவை எல்லாம் அதில் கட்டளைகள். எனக்கு ரொம்பப் பிடித்தது எது என்றால், நிபந்தனையை முதலில் எழுதி "ஆனால்" என்பதைப் பின்னால் போடுவார்கள். மழை வந்தால் குடை எடு என்று நாம் பேசுகிற அதே வரிசை! ஆங்கிலத்தில் "இஃப்" முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும், நாம் தலைகீழாக யோசிக்க வேண்டும். வேலைக்குப் போனால் ஆங்கில மொழிகள்தான், நாங்களே +1-ல் சி பிளஸ் பிளஸ்ஸும் +2-வில் பைத்தானும்தான் படிக்கிறோம், அதை மறுக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டு மலையை ஒரே நேரத்தில் ஏறச் சொல்ல வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

ஆசிரியர்கள் சொல்லப்போகும் ஆட்சேபம் எனக்குத் தெரியும். "முதல்ல எழுதப் படிக்க வரட்டும்மா." நியாயம்தான். கொரோனாவுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு வாசிப்பு விட்டுப்போனதால்தான் 2022-ல் அரசு எண்ணும் எழுத்தும் திட்டத்தையே கொண்டு வந்தது. இன்னொன்று, தொடக்கப் பள்ளியில் இரண்டு டீச்சர் ஐந்து வகுப்பைப் பார்க்கிறார்கள். எமிஸில் விவரம் ஏற்றவே நேரம் சரியாகப் போகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டன. கம்ப்யூட்டர் வந்தால் வேலை குறையும் என்றார்கள், நம் டீச்சர்களைக் கேட்டால் தெரியும்!

ஆனால் நான் கேட்பது புதிய பாடம் இல்லை, புதிய புத்தகமும் இல்லை. கணக்கு வகுப்பில் கோலப் புள்ளி, தமிழ் வகுப்பில் புலி ஆடு புல்லுக்கட்டு, விளையாட்டு வகுப்பில் ரோபோ. நம் தொடக்கப் பள்ளிகளுக்கு இது அந்நியமும் இல்லை. 2007-08-ல் தமிழ்நாடு முழுக்கச் செயல்வழிக் கற்றல் வந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏணிப்படியில் என் இடம் எது என்று பார்த்து, அந்தச் சின்னம் போட்ட அட்டையை நானே எடுத்து, முடித்துவிட்டு அடுத்த படிக்குப் போக வேண்டும். சுவரோரம் ஆளுக்கொரு கீழ்மட்டக் கரும்பலகை, தலைக்கு மேல் கம்பிப் பந்தலில் நாங்கள் வரைந்த படம். நான் ஒன்றாம் வகுப்பு படித்தபோது அட்டைகள் பாதி தொலைந்து போயிருந்தன, ஆனாலும் ஏணி சுவரில் இருந்தது. படிப்படியாகப் போவது, இது முடிந்தால் அது, முடியாவிட்டால் திரும்ப இது. அதுவே ஒரு புரோகிராம்தான். அதை விட்டதில் எனக்கு வருத்தம் உண்டு.

மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள்? மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் 2001-லேயே பள்ளிகளுக்கென்று ஐ.டி. திட்டம் தொடங்கிவிட்டார்கள். இங்கிலாந்தில் 2014 செப்டம்பர் முதல் ஐந்து வயதிலிருந்தே கம்ப்யூட்டிங் ஒரு பாடம். நம் நாட்டில் 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பிலிருந்துதான் கோடிங் என்கிறது. தமிழ்நாட்டில் 2025-ல் வந்த டி.என். ஸ்பார்க் திட்டமும் ஆறிலிருந்து ஒன்பது வரை. தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் போர்டு கொடுத்திருக்கிறார்கள், டீச்சர்களுக்குக் கைக்கணினி கொடுத்திருக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் அதில் பிள்ளைகள் பாட்டுப் பார்க்கிறார்கள், கதை பார்க்கிறார்கள். பார்க்கிறார்கள். கட்டளை இடுவது இன்னும் ஆரம்பிக்கவில்லை.

"இனிமே ஏ.ஐ.யே கோட் எழுதிடும், எதுக்கு வீணா?" என்று என் வகுப்புத் தோழி கேட்கிறாள். எழுதட்டும். "ரோபோவோட வலதா, என்னோட வலதா" என்று அதற்கும் யாராவது தெளிவாகச் சொல்லத்தானே வேண்டும்? அது எழுதிக் கொடுப்பது சரியா தப்பா என்று பார்க்க ஆள் வேண்டாமா?

சரி, பேசியது போதும். நம் பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தொடக்கப் பள்ளி இருக்கிறது. +1 கம்ப்யூட்டர் குரூப்பில் நாங்கள் 38 பேர். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் நாலு பேர் நாலு பேராக அங்கே போனால் ஒரு வருடத்தில் ஒருவருக்கு மூன்று நாலு தடவைதான் முறை வரும். செலவு ஒரு டப்பா சாக்பீஸ். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு நான் லெட்டர் எழுதி வைத்திருக்கிறேன், கையெழுத்துதான் சேர வேண்டும். வர விருப்பம் உள்ளவர்கள் இந்தத் தாளின் கீழே விட்டிருக்கும் காலி இடத்தில் பெயரும் பிரிவும் எழுதுங்கள். மற்ற குரூப்காரர்களும் வரலாம், கோலம் போடத் தெரிந்தால் போதும், பையன்களுக்கும் சொல்லித்தருகிறோம்.

எழுதும் முன் ஒரு கணக்கு: 7 புள்ளி, ஊடு புள்ளி, 4-ல் நிறுத்தினால் மொத்தம் எத்தனை புள்ளி? எண்ணாமல் சொல்ல வேண்டும். விடை அடுத்த இதழில்.

— ஒரு மாணவி, +1 கணினி அறிவியல் பிரிவு